லிஃப்ட்டுக்குள்ளிருந்து வந்த பதில்

இது நடந்தது நான் பி.ஏ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது. இடம், பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் என் பெரியம்மா மகள் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஏப்ரல் மாதம், சனிக்கிழமை மத்தியானம். திங்கட்கிழமை எனக்கு ஸ்பானிஷ் வாய்மொழித் தேர்வு. எங்கள் வீடு மர்பி டவுனில் இருக்கிறது. ஒரு ஹால், ஒரு சமையலறை, ஐந்து பேர், போதாக்குறைக்கு எதிர்வீட்டு டிவி. அங்கே உட்கார்ந்து தமிழில் யோசிப்பதே கஷ்டம். ஸ்பானிஷில் வாய்விட்டுப் பேசிப் பார்த்தால் பேய் பிடித்துவிட்டது என்பார்கள். அதனால் வெள்ளிக்கிழமையே பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஸ்பானிஷ் எதற்கு என்று நீங்களும் கேட்பீர்கள். பார்த்தவர் எல்லோரும் கேட்டார்கள். கல்லூரியில் ஏதாவது ஒரு மொழி எடுத்தாக வேண்டும். ஸ்பானிஷ் தெரிந்தால் கம்பெனிகளில் கூப்பிட்டு வேலை தருவார்கள் என்று சீனியர் ஒருத்தி அடித்துச் சொன்னாள். நம்பி எடுத்தேன். தொடக்க நிலை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று வருடம் ஓடிவிட்டது. எழுத்துத் தேர்வில் நான் புலி. பேசச் சொன்னால் மட்டும் தொண்டையில் எதுவோ அடைத்துக்கொள்ளும்.

எங்கள் வகுப்பில் பேச்சுப் பயிற்சி எப்படி நடக்கும் என்று சொன்னால்தான் மற்றது புரியும். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருத்தி கேட்க வேண்டும், இன்னொருத்தி பதில் சொல்ல வேண்டும். பதில் உண்மையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வார்த்தை தெரிந்தால் போதும். என் அப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக். அதை ஸ்பானிஷில் சொல்லத் தெரியாததால் முதல் வாரமே அவரை டாக்டராக்கிவிட்டேன். எங்கள் வீட்டுக்குத் தோட்டம் வந்தது, நாய் வந்தது. என் ஜோடி வீட்டுக்கு ஒரே பெண். ஸ்பானிஷில் அவளுக்கு நான்கு அண்ணன்கள். பதில் கேட்டதும் மரம் மாதிரி உட்கார்ந்திருக்காதீர்கள், ஏதாவது சொல்லுங்கள் என்று டீச்சர் ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தார். 'கே பியேன்!' என்பது அது. ஆஹா, எவ்வளவு நல்லது என்று பொருள்.

அதை நாங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். அவள் பதில் சொல்லும்போது நான் கேட்கவே மாட்டேன். அடுத்து என்ன கேள்வி, அதற்கு வினைச்சொல் என்ன என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருப்பேன். அவள் வாய் நின்றதும் 'கே பியேன்!' என்பேன். உடனே அடுத்த கேள்வி. அவளும் அதே கதைதான். இப்படியே மூன்று வருடம் நாங்கள் இருவரும் மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம்.

அந்தச் சனிக்கிழமை கோடை மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, ஜன்னலை அறையும் காற்றோடு வந்தது. கரண்ட் போனது, வந்தது, மறுபடி போனது. ஜெனரேட்டர் இரண்டு தடவை உறுமிவிட்டுப் படுத்துவிட்டது. நான் பால்கனிப் பக்கம் நின்று பூமி வெப்பமயமாதலைப் பற்றி ஸ்பானிஷில் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தேன். உயர்நிலையில் அதுதான் தலைப்பு. அப்போது வெளியே போயிருந்த அக்கா ஓடிவந்து கதவைத் தட்டினாள்.

"ஏய், சீக்கிரம் வாடி! லிஃப்ட்ல ஒருத்தர் மாட்டிக்கிட்டாரு. அந்த ஏழாவது மாடி ஃபாரினர். ஸ்பானிஷ்லதான் கத்துறாரு போல இருக்கு."

அவரை நான் ஒரே ஒரு தடவை படிக்கட்டில் பார்த்திருக்கிறேன். ஐம்பது வயது இருக்கலாம். சிலி நாட்டுக்காரர், பக்கத்துத் தொழிற்சாலையில் மெஷின் பொருத்த வந்திருக்கிறார், கம்பெனி எடுத்துக்கொடுத்த ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார் என்று அக்கா சொல்லியிருந்தாள். அவரோடு போய்ப் பேசிப் பழகேன் என்றும் சொல்லியிருந்தாள். நான்தான் பயந்து ஒதுங்கிவிட்டேன்.

அக்கா வீடு ஐந்தாவது மாடி. லிஃப்ட் நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே நின்றிருந்தது. எங்கள் மாடியில் இருந்த லிஃப்ட் கதவை அசோசியேஷன் செகரெட்டரியும் வாட்ச்மேனும் கம்பியால் நெம்பி, நான்கு விரல் அகலத்துக்குத் திறந்து, ஒரு கட்டையைச் சொருகி வைத்திருந்தார்கள். உள்கதவும் அதே அளவு திறந்திருந்தது. அந்த இடுக்கு வழியாகக் குனிந்து பார்த்தால் கீழே இருட்டுத்தான். இருட்டுக்குள்ளிருந்து ஒரு மனிதர் கத்துவதும் சுவரை உதைப்பதும் கேட்டது. அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்றார்கள். பயத்தில் அது போன இடம் தெரியவில்லை. செகரெட்டரி தன் போனில் மொழிபெயர்ப்பு போட்டு, அதைப் பேச வைத்திருக்கிறார். இருட்டில் அந்த இயந்திரக் குரலைக் கேட்டு உள்ளே இருந்தவர் இன்னும் மிரண்டுவிட்டாராம்.

"ஏனோ கூகுறார் மேடம், ஒண்ணும் அர்த்த ஆகலை" என்றார் வாட்ச்மேன். அவர் மண்டியா பக்கத்துக் கன்னடக்காரர். எங்களோடு பேசும்போது தமிழையும் கன்னடத்தையும் பிசைந்து பேசுவார். ஏதோ கத்துகிறார், ஒன்றும் புரியவில்லை என்கிறார். அந்த இடுக்கை விட்டு அவர் கண்ணை எடுக்கவே இல்லை. ஏன் இவருக்கு இவ்வளவு பதற்றம் என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் போனில் ஸ்பீக்கரில் இருந்தான். ஓசூர்ப் பையன். பொம்மனஹள்ளி டிராஃபிக்கில் பைக்கோடு நிற்கிறானாம். மழைச் சத்தத்துக்கு மேல் அவன் கத்தியது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"சார், மெயினை ஆஃப் பண்ணாம ஆளை ஏற விடாதீங்க. ஏறும்போது கரண்ட் வந்துச்சுன்னா வண்டி கிளம்பிடும். பாதி உடம்பு உள்ள, பாதி வெளிய இருக்கும், சொல்லிட்டேன். கதவு தொறந்திருந்தா நகரக்கூடாதுதான். ஆனா அந்த சென்சார் வேலை செய்யலைன்னு போன வாரமே சொன்னேனா இல்லையா?"

செகரெட்டரி எங்களைப் பார்க்காமல் மழையைப் பார்த்தார். மெயின் ஸ்விட்ச் இருப்பது மொட்டை மாடி லிஃப்ட் ரூமில். அந்த அறைச் சாவி எலக்ட்ரீஷியனிடம். எலக்ட்ரீஷியன் சாப்பிடப் போயிருந்தார், வழியில் மழை பிடித்துக்கொண்டது. பூட்டை உடைக்க ஒரு ஆள் கம்பியோடு மேலே ஓடியிருந்தான். இரும்புக் கதவு, லேசில் உடைகிற பூட்டு இல்லை. ஆக, எந்த நிமிடமும் கரண்ட் வரலாம். அதுவரை அந்த மனிதர் ஏறாமல், கையை வெளியே நீட்டாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதை அவருக்குப் புரியும்படி சொல்ல அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே ஆள் நான்.

"நீ மூணு வருஷமா படிக்கிறியாமே. பேசும்மா" என்றார் செகரெட்டரி.

எல்லோரும் வழிவிட்டார்கள். தரையில் குப்புறப் படுத்து இடுக்கில் வாயை வைத்தேன். பூமி வெப்பமயமாதலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசத் தெரிந்த எனக்கு, பயப்படாதீர்கள், ஆள் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்ல ஒரு வார்த்தை அகப்படவில்லை. கடைசியில் வாயில் வந்தது மதிய வணக்கம்தான்.

உள்ளே சத்தம் சட்டென்று நின்றது. அப்புறம் மடை திறந்த மாதிரி கொட்டினார். எங்கள் வகுப்பு ஒலிப்பதிவுகளில் பேசுகிறவர்கள் எல்லாம் சாப்பிட்டுவிட்டு வந்து சாவகாசமாகப் பேசுகிறவர்கள். இவர் பேச்சு ரயில் வேகத்தில் போனது. திரும்பத் திரும்ப வந்த ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. நிலநடுக்கம். இயற்கைப் பேரிடர்கள் என்ற பாடத்தில் படித்த சொல். லிஃப்ட் குலுங்கி நின்று விளக்கும் அணைந்ததும், பூமி ஆடுகிறது என்றே அவர் முடிவுகட்டிவிட்டார்.

"நிலநடுக்கம் இல்லை. மழை. மின்சாரம் இல்லை. அவ்வளவுதான்" என்று துண்டு துண்டாகச் சொன்னேன்.

ஒரு நீண்ட மூச்சு கேட்டது. எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். பத்து நிமிடம் என்றேன். பெங்களூரில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், இங்கே பத்து நிமிடம் என்பது ஒரு நம்பிக்கை, நேரம் இல்லை. ஆனால் அவர் அதை நேரமாகவே எடுத்துக்கொண்டு போன் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பத்து நிமிடம் முடிந்ததும் மறுபடி உதை ஆரம்பித்தது. மேலே இருந்த வெளிச்சக் கீற்றைப் பார்த்து எம்பிக் குதிப்பது தெரிந்தது.

"பேச்சுக் குடுத்துக்கிட்டே இரு. விடாத" என்றாள் அக்கா.

என்ன பேசுவது? எனக்குத் தெரிந்தது பாடப் புத்தகம்தான். முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தேன். உங்கள் பெயர் என்ன? எந்த ஊர்? அவர் குழம்பிப்போய்ப் பெயரைச் சொன்னார். தெற்கே கடலோரத்தில் சின்ன ஊர் என்றார். கே பியேன்! என்ன வேலை செய்கிறீர்கள்? பாட்டிலில் ஜூஸ் அடைக்கும் மெஷின். கே பியேன்! உங்களுக்குப் பிடித்த பழம் எது? அதைக் கேட்டதும் உள்ளே ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம். மூச்சுமுட்டி இருட்டில் நிற்கிறவனிடம் எவள் இவள் பழம் விசாரிக்கிறாள் என்று நினைத்திருப்பார். ஆனாலும் சொன்னார். செர்ரி. பெங்களூரில் வந்து சீத்தாப்பழமும் பிடித்துவிட்டது என்றார். உங்கள் ஊரில் வானிலை எப்படி? வீட்டில் எத்தனை அறைகள்?

கேட்கக் கேட்க அவர் மூச்சு சீரானது. உதை நின்றது. உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது, குரல் இன்னும் கீழிருந்து வந்தது. அக்கா என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். செகரெட்டரி, "பரவாயில்லையே, பொண்ணு பொளந்து கட்டுது" என்று யாரிடமோ சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வருடமாக அடைத்துக்கொண்டிருந்த தொண்டை திறந்துவிட்டது! திங்கட்கிழமை தேர்வில் இப்படி ஒரு ஜோடி கிடைத்தால் போதும் என்றுகூட நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

அடுத்த பாடம் குடும்பம். உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டேன்.

இந்தத் தடவை அவர் மெதுவாகப் பதில் சொன்னார். கொஞ்சம் நீளமாகவே சொன்னார். நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்பது கேள்வி. அதில் எப்போதும் எனக்கு ஒரு தடுமாற்றம் உண்டு. அதை மனதுக்குள் சரிசெய்துகொண்டிருந்தேன். அவர் குரல் நின்றது.

"கே பியேன்!" என்றேன் உற்சாகமாக. "காலையில் எத்தனை மணிக்கு..."

உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

அந்த அமைதியில்தான், என் காதுக்குள் போய் மூளைக்குப் போகாமல் கிடந்த அவருடைய சொற்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அண்ணன். ஒரே அண்ணன். வீடு. நிலநடுக்கம். எனக்கு அப்போது எட்டு வயது. இறந்துவிட்டான்.

ஆஹா, எவ்வளவு நல்லது என்று நான் சொல்லியிருந்தேன்.

என்ன சொல்வது என்று வாய் திறப்பதற்குள் கீழே தடதடவென்று சத்தம். அவர் எழுந்துவிட்டார். எதன் மீதோ ஏறி எம்புவது தெரிந்தது. அடுத்த நொடி இடுக்கில், என் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, நான்கு விரல்கள் வந்தன. கட்டைக்குப் பக்கத்தில் கதவின் விளிம்பைப் பிடித்து விரிக்கப் பார்த்தன. நகங்கள் வெளுத்திருந்தன. அப்புறம் மணிக்கட்டும் வந்தது.

அதே சமயம் எங்கள் தலைக்கு மேலே தாழ்வாரத்து டியூப்லைட் ஒரு தடவை மினுக்கி அணைந்தது.

"கரண்ட் வரப் போவுது! கையை எடுக்கச் சொல்லும்மா, கையை எடுக்கச் சொல்லு!" செகரெட்டரியின் குரல் கிழிந்தது. வாட்ச்மேன் "தேவரே, தேவரே" என்று கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"கையை எடுங்க சார்! கையை எடுங்க!" என்று நான் தமிழில் கத்தினேன். ஸ்பானிஷ் சுத்தமாகப் போய்விட்டது. பயம் வந்ததும் அவருக்கு ஆங்கிலம் போன மாதிரியே. தலையைத் தரையில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. எப்படியோ 'கை', 'உள்ளே' என்ற இரண்டு சொற்களைத் தேடிப் பிடித்தேன். கை உள்ளே, கை உள்ளே என்று கெஞ்சினேன்.

"நீ கேட்கவே இல்லை" என்றார் அவர். கத்தவில்லை. களைத்துப்போன குரலில் மெதுவாகத்தான் சொன்னார். அதனால் எனக்கு முழுசாகப் புரிந்தது. "இங்கே யாருமே நான் சொல்வதைக் கேட்கவில்லை."

பொய் சொல்லக்கூட எனக்கு வார்த்தை இல்லை. அவர் விரல்களின் மேல் என் கையை வைத்தேன். வியர்த்து, ஐஸ் மாதிரி இருந்தன.

"உண்மை" என்றேன். "நான் கேட்கவில்லை. நான் மாணவி. அடுத்த கேள்வியை யோசித்துக்கொண்டிருந்தேன். மன்னியுங்கள். அண்ணனைப் பற்றி மறுபடியும் சொல்லுங்கள். கை உள்ளே. நான் கேட்கிறேன். கேள்வி இல்லை. கேட்க மட்டும்."

இலக்கணமாவது ஒன்றாவது. அழுகையும் சளியுமாகச் சொன்னேன். டீச்சர் கேட்டிருந்தால் மார்க்கைக் கையிலிருந்து பிடுங்கியிருப்பார். அந்த விரல்கள் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தன. டியூப்லைட் மறுபடி மினுக்கியது. பிறகு மணிக்கட்டு இறங்கியது. கடைசியில் விரல்களும் ஒவ்வொன்றாக என் கைக்கு அடியிலிருந்து நழுவி இருட்டுக்குள் போயின.

அவர் சொன்னார். நான் கேட்டேன். முதல் தடவையாக, அடுத்த கேள்வி ஒன்றும் கைவசம் இல்லாமல் ஒருவர் பேசுவதைக் கேட்டேன். பாதி புரியவில்லை. புரிந்தது இவ்வளவு. விடிகாலையில் வீடு ஆடியிருக்கிறது. பன்னிரண்டு வயது அண்ணன் இவரை இழுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கி வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டிருக்கிறான். இரண்டு பேரும் வெறுங்கால். தெருவெல்லாம் கண்ணாடிச் சில்லு. தம்பியின் செருப்பை எடுத்து வருகிறேன் என்று அண்ணன் திரும்ப உள்ளே போயிருக்கிறான். அவ்வளவுதான். அதிலிருந்து மூடிய இடம் என்றால் இவருக்கு ஆகாது. பெங்களூர் வந்ததிலிருந்து தினமும் ஏழு மாடி ஏறி இறங்குகிறவர். அன்றைக்குக் கையில் இரண்டு பெரிய பை. கீழே ஒரு நல்ல மனிதர் பைகளை வாங்கி லிஃப்ட்டுக்குள் வைத்து, வாருங்கள் வாருங்கள் என்று சிரித்தபடி கூப்பிட்டாராம். அவர் மனதை நோகடிக்க வேண்டாம் என்று ஏறியிருக்கிறார்.

அந்த வரியைக் கேட்டதும் நான் தலையைத் திருப்பி வாட்ச்மேனைப் பார்த்தேன். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. ஆனால் என் பார்வை புரிந்துவிட்டது. "நானே ஹத்திசிதே மேடம்" என்றார். நான்தான் ஏற்றிவிட்டேன் என்று சொல்லி வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போது கரண்ட் வந்தது.

டியூப்லைட் பளிச்சென்று எரிந்தது. மேலே எங்கோ மோட்டார் உறுமியது. மெக்கானிக் சொன்னது அப்படியே நடந்தது. கதவு திறந்திருக்கும்போதே லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி ஒரு முழம் மேலே வந்தது. இடுக்கில் சொருகியிருந்த கட்டையின் முனை உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அது படாரென்று முறிந்து என் தோளில் வந்து விழுந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவர் மணிக்கட்டு இருந்த இடம். மறுபடி கரண்ட் போய் லிஃப்ட் நின்றது. அக்கா அலறினாள். நான் முகத்தைத் தரையில் புதைத்துக்கொண்டேன்.

உள்ளே சத்தம் இல்லை. அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

"இருக்கிறேன்" என்றார். "கை உள்ளேதான் இருக்கிறது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரே மறுபடி பேசினார்.

"ஐந்து மணிக்கு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. என்ன ஐந்து மணிக்கு?

"காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பேன் என்று கேட்டாயே. ஐந்து மணிக்கு எழுவேன். நீ?"

இருட்டில், சாவு பயத்தில், அண்ணன் செத்ததற்கு ஆஹா என்ற ஒரு முட்டாள் பெண் பாதியில் விட்ட கேள்வியைக் கூட அந்த மனிதர் கேட்டிருக்கிறார். ஞாபகம் வைத்திருந்து பதிலும் சொல்கிறார். நான் ஏழரைக்கு எழுவேன், அம்மா திட்டுவாள் என்றேன். அவர் 'கே பியேன்' என்றார். இரண்டு பேரும் சிரித்தோமா அழுதோமா என்று சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. மேலே பூட்டு உடைபட்டது. பூட்டு உடைந்ததும் எலக்ட்ரீஷியன் சாவியோடு வந்தார், வழக்கம்போல. மெயினை அணைத்தார்கள். மெக்கானிக் சொட்டச் சொட்ட நனைந்து வந்து, லிஃப்ட் ரூமில் கையால் சக்கரத்தைச் சுற்றி, லிஃப்ட்டை எங்கள் மாடி மட்டத்துக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்தான். அவர் தானாகவே நடந்து வெளியே வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். அக்கா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு என்னைப் பார்த்து உன் பெயர் என்ன என்று கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. முதல் பாடத்தின் முதல் வரியே அதுதான், நான் சொல்லவே இல்லை. சொன்னேன். தப்பாகத் திருப்பிச் சொன்னார். திருத்தினேன். சரியாக வரும்வரை சொல்லிப் பார்த்துக்கொண்டார். வாட்ச்மேன் கையைக் கூப்பிக்கொண்டு "சாரி சார், சாரி சார்" என்று அருகே வந்து நின்றார். அவர் எழுந்து வாட்ச்மேன் தோளில் கை வைத்து, தன் பைகளில் ஒன்றை அவரிடம் கொடுத்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பையோடு மீதி இரண்டு மாடியையும் படியேறிப் போனார்கள்.

திங்கட்கிழமை தேர்வு நடந்தது. என் ஜோடி வழக்கம்போலத் தனக்கு நான்கு அண்ணன்கள் என்றாள். நான் கே பியேன் சொல்லாமல் கொஞ்சம் யோசித்து, நாலு பேரில் உனக்கு யாரைப் பிடிக்கும், ஏன் என்று கேட்டேன். அவள் மனப்பாடம் செய்ததில் அது இல்லை. பேந்தப் பேந்த விழித்துவிட்டு, எனக்கு அண்ணனே இல்லை, இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஸ்பானிஷில் உண்மையைச் சொல்லிவிட்டாள். மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் பேசினோம். எனக்கு மார்க் சுமார்தான். பதில்களுக்கு நடுவே நீண்ட இடைவெளி விடுகிறார் என்று டீச்சர் குறிப்பு எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு எனக்கு வருத்தமே வரவில்லை.

ஆனால் எனக்கு அதிகம் ஞாபகம் வருவது தேர்வு இல்லை, அந்தச் சனிக்கிழமை சாயங்காலம். மழை விட்டபின் காற்று வாங்கலாம் என்று நானும் அக்காவும் கீழே இறங்கினோம். கேட்டருகே வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, "ஊட்டா ஆய்த்தா மேடம்?" என்றார். சாப்பாடு ஆச்சா என்று கேட்பது இங்கே வணக்கம் சொல்வது மாதிரிதான். நான் அங்கே தங்கும்போதெல்லாம், போகும்போதும் வரும்போதும் கேட்பார். நானும் நடந்துகொண்டே "ஆய்த்து, ஆய்த்து" என்பேன். பதிலுக்கு, "நிம்து?" என்று உங்களுக்கும் ஆச்சா என்ற அர்த்தத்தில் எறிந்துவிட்டு, அவர் வாய் திறப்பதற்குள் லிஃப்ட்டுக்குள் போயிருப்பேன்.

அன்றைக்கு நின்றேன். "நிம்து?" என்று கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் நகராததைப் பார்த்து அவருக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. ஆய்த்து என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திவிட்டு, "இல்லா மேடம், பெளகிந்த ஏனூ இல்லா" என்றார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அக்கா திரும்பி மாடிக்கு ஓடினாள், படி வழியாகத்தான்.

ஏழாவது மாடி ஃபிளாட்டைக் காலிசெய்துகொண்டு அந்தச் சிலிக்காரர் ஊருக்குப் போய் நாளாகிவிட்டது. எனக்கு ஸ்பானிஷில் வேலையும் கிடைத்துவிட்டது, சீனியர் சொன்னது பொய்யில்லை. தொடக்க நிலையிலிருந்து உயர்நிலைவரை மூன்று வருடம் கல்லூரியில் பேசக் கற்றுக்கொண்டேன். ஒருவர் பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதை லிஃப்ட் வாசலில் குப்புறப் படுத்துத்தான் கற்றேன். இன்றைக்கும் எதிரே இருப்பவர் பேசும்போது என் மனம் அடுத்த வரிக்கு ஓடினால், வெளுத்த நகங்களோடு அந்த நான்கு விரல்கள் கண்ணுக்கு முன்னால் வந்து என்னைத் திரும்ப இழுத்துவிடுகின்றன.